10 கிராம் தோட்டத்து மண், 28 வாரம்

கெடாவில் பாடாங் செராய், கோலக்கெட்டில், பீடோங் பக்கத்துப் பிள்ளைகள் நுண்ணுயிரியலில் இறுதி ஆண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. செம்பனை மரத்தடியில் பலகை செருகினாற்போல் காளான் விட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். கனோடெர்மா பொனினென்ஸ் என்ற பூஞ்சை அது. அடித்தண்டு அழுகல் நோயைக் கொண்டுவருவது அதுதான். நோய் கண்ட மரத்தில் விரியாத குருத்துகள் ஈட்டிபோல் நிற்கும், அடிமட்டைகள் பாவாடைபோல் தொங்கும். வெளியே இவ்வளவு தெரியும்போது உள்ளே பாதித் தண்டு போயிருக்கும். அந்த மண்ணிலேயே இந்தப் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் பாக்டீரியா உண்டா என்று தேடுவது, ஓர் இளங்கலை மாணவர் முடிக்கக்கூடிய வேலை. முடிக்கக்கூடியதா இல்லையா என்பதுதான் தலைப்பின் முதல் தகுதி என்பது என் கட்சி. புதுமையெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் மலேசியாவில் சான்றிதழில் வரும் ‘கெபூஜியான்’, அதாவது ஹானர்ஸ், பட்டத்தோடேயே ஒட்டி வருகிறது. இறுதி ஆண்டின் இரண்டு செமஸ்டர், தலா 14 வாரம். அதற்குள் முன்மொழிவு, ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு, நடுவில் மற்ற பாடங்களும். ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு ஹானர்ஸ் தனி வருடம். மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு பிப்ரவரியிலோ ஜூலையிலோ சேருவார்கள். முதல் வகுப்பு எடுத்தால் முதுகலை இல்லாமலே முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஊர் எதுவானாலும் லேப்பில் கைவைக்கக் கிடைக்கும் காலம் காகிதத்தில் இருப்பதைவிடக் குறைவு. 28 வாரத்தில் முன்மொழிவுக்கு 3, எழுதுவதற்கு 6 போய்விடும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, செமஸ்டர் இடைவிடுமுறை எல்லாம் கழித்தால் 14, 15 வாரம் மிஞ்சும். நோன்பு மாதம் நடுவில் வந்தால் லேப் மாலையில் சீக்கிரம் பூட்டப்படும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆகவே கேள்வியைச் சின்னதாக வெட்டுங்கள். ‘கனோடெர்மாவுக்கு உயிரி மருந்து உருவாக்குதல்’ ஒரு நிறுவனம் ஐந்து வருடம் செய்கிற வேலை. ‘நோய் மரங்களுக்கு நடுவே நோயில்லாமல் நிற்கும் மரத்தடி பேசிலஸ்கள், நோய் மரத்தடி பேசிலஸ்களைவிட அதிகமாகப் பூஞ்சையைத் தடுக்கின்றனவா?’ என்றால், 5 நல்ல மரம், 5 நோய் மரம், மரத்துக்கு 4 பாக்டீரியா, மொத்தம் 40. ஒரு ஆள் சமாளிக்கும் எண்ணிக்கை. பேசிலஸ் என்பது சூடு தாங்கும் வித்து விடும் மண் பாக்டீரியா. ‘தடுக்கவில்லை’ என்று வந்தாலும் ஆய்வேடு எழுதலாம். பதில் ‘ஆம்’ என்று வந்தால்தான் பிழைக்கும் தலைப்பை எடுக்காதீர்கள், மேற்பார்வையாளரே கொடுத்தாலும் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே மூன்று காரியம் ஓட வேண்டும், மூன்றுமே மற்றவர் கையில் இருப்பவை. முதலாவது, பொருள் ஆர்டர். பிரைமர் (பிசிஆருக்கு வேண்டிய சின்ன டிஎன்ஏ துண்டு) சில நாளில் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வரும் என்சைமும் கிட்டும் கொள்முதல் பிரிவைத் தாண்டி வர 6 வாரம்கூட ஆகும். இரண்டாவது, கனோடெர்மா வளர்ப்பு. உங்கள் துறையின் சேமிப்பிலோ, சிலாங்கூர் பாங்கி ஊரில் இருக்கும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்திலோ கேட்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் பெர்71 வகை கிடைத்தால் மற்றவர் முடிவுகளோடு ஒப்பிட வசதி. காளானை வெட்டி நீங்களே பிரித்தெடுக்கவும் முடியும். ஆனால் தூய்மையாக்கி, அது பொனினென்ஸ்தானா என்று உறுதிசெய்ய ஒரு மாதம் கரையும். மூன்றாவது, தோட்டத்து அனுமதி. துறைத் தலைப்புத்தாளில் மேனேஜருக்குக் கடிதம்: எந்த புளோக், எத்தனை மரம், எவ்வளவு மண், முடிவு யாருக்குப் போகும். 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளங்களை அணுகுதல், பலன் பகிர்தல் சட்டப்படி உங்கள் வேலைக்கு அனுமதி தேவையா என்பதையும் துறையில் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்ததும் மண் அள்ள ஓடாமல் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் உட்காருங்கள். மறுநடவு எந்த வருடம், அதற்கு முன் நின்றது ரப்பரா தென்னையா செம்பனையா, கடைசியாக உரம் போட்டது எப்போது, களைக்கொல்லி அடித்தது எப்போது, எல்லாம் புளோக் வாரியாக அவரிடம் எழுதியே இருக்கும். தென்னையோ பழைய செம்பனையோ நின்ற நிலத்தில் கனோடெர்மா கடுமையாக இருக்கும், பழைய கட்டைகளில் பூஞ்சை தங்கிவிடுவதால். உரம் போட்ட வாரம் எடுத்த மண்ணையும் போடாத மண்ணையும் ஒப்பிட்டால், வித்தியாசம் மரத்தாலா உரத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. எது நோய் மரம் என்று அடையாளம் காட்ட, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல வருடமாக அந்த நிரையில் நடந்தவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். நம் மண்ணில் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லி என்ற பாக்டீரியா இருக்கிறது, மெலியோய்டோசிஸ் நோய்க்குக் காரணம் அது. இந்த நோய்க்குப் பெயர் வைத்ததே நம் நாட்டில்தான்: கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் வேலை பார்த்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும், 1921இல். 2010இல் பகாங் மாரானில் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் ஒருவரைத் தேடப் போனவர்களிடையே இது பரவி உயிர்ச்சேதமும் ஆனது. வெட்டுக்காயம் வழியாகவும் மூச்சு வழியாகவும் நுழையும். நீரிழிவு உள்ளவர்களைக் கடுமையாகத் தாக்கும். நம் குடும்பங்களில் நீரிழிவு எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. எனவே மண் எடுக்கும்போது பூட்ஸும் கையுறையும் கட்டாயம், காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். மண்ணிலிருந்து பாக்டீரியா வளர்த்த அகார் தட்டை ஒருபோதும் முகர்ந்து பார்க்காதீர்கள். ‘மண்வாசம் வந்தால் ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ என்று சீனியர் சொல்லித்தருவது பழைய பழக்கம், விட்டுவிடுங்கள். சுருக்கம் விழுந்த, காய்ந்த தோற்றமுள்ள காலனி, கிராம் நெகட்டிவ் (கிராம் சாயத்தில் இளஞ்சிவப்பாவது), ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டமைசினுக்கு அசையவில்லை என்றால் மூடியை மூடி, டேப் ஒட்டி, மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பேசிலஸைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு லாபம் இங்கே இருக்கிறது. கீழே சொல்லப்போகும் சூடேற்றலில் பர்க்ஹோல்டேரியா செத்துப்போகும்.

மண் எடுப்பது எளிது. தண்டிலிருந்து ஒரு மீட்டருக்குள், நான்கு திசையில் நான்கு இடம், மேல் சருகை ஒதுக்கிவிட்டு 0 முதல் 15 செ.மீ. ஆழம். நான்கையும் கலந்து மரத்துக்கு ஒரு பை, அரை கிலோ போதும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்முன் மண் துளைக்கும் ஆகரின் நுனியைத் தண்ணீரில் கழுவி 70 சதவீத ஆல்கஹாலால் துடைக்கவும். 95 சதவீதம் இன்னும் நல்லதாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம். புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும். பையில் எழுதியது ஐஸ் பெட்டியின் ஈரத்தில் அழியும், பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்றைச் சின்னப் பைக்குள் போட்டு உள்ளே வையுங்கள். 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள்.

10 கிராம் மண், 90 மில்லி 0.85 சதவீத உப்பு நீர், 30 நிமிடம் குலுக்கல். இது 10⁻¹. இதிலிருந்து 1 மில்லி எடுத்து 9 மில்லியில், அதிலிருந்து 1 மில்லி அடுத்த 9 மில்லியில் என்று 10⁻⁶ வரை. ஒவ்வொரு படிக்கும் பிப்பெட் டிப்பை மாற்ற வேண்டும், உறிஞ்சுமுன் குழாயைக் கலக்க வேண்டும். மண் துகள் அடியில் தங்கினால் பாக்டீரியாவும் அதோடு தங்கிவிடும். தட்டுக்கு 0.1 மில்லி. 30 முதல் 300 வரை காலனி வந்த தட்டை மட்டும் எண்ணுங்கள். 10⁻⁵ தட்டுகள் மூன்றில் 77, 84, 91 வந்தால் சராசரி 84, அதை 0.1 × 10⁻⁵ ஆல் வகுத்தால் ஈரமண் ஒரு கிராமுக்கு 8.4 × 10⁷. பலர் அந்த 0.1ஐ மறந்து பத்து மடங்கு குறைத்து எழுதுகிறார்கள். அதே மண்ணில் கொஞ்சத்தை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி ஈரப்பதம் பாருங்கள். ஈரமண்ணில் 25 சதவீதம் தண்ணீர் என்றால், 0.75ஆல் வகுத்து, உலர்மண் கிராமுக்கு 1.1 × 10⁸ என்று எழுதுங்கள். மழைக்கு மறுநாள் எடுத்த மண்ணையும் வெயிலில் எடுத்த மண்ணையும் இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

இது மொத்த எண்ணிக்கை. பேசிலஸ் மட்டும் வேண்டுமென்றால் 10⁻¹ கரைசலை 80 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் 10 நிமிடம் வையுங்கள், வித்து தாங்கும், மற்றவை போகும். வெறும் உப்பு நீர் ஊற்றிய இன்னொரு குழாயில் வெப்பமானியை விட்டு, உள்ளே 80 காட்டியபிறகே கடிகாரத்தைத் தொடங்குங்கள். தொட்டி 80 என்று காட்டுவதால் குழாய்க்குள்ளும் 80 ஆகிவிடாது.

மீடியா, அதாவது வளர்ப்பு ஊட்டம், தயாரிப்பதில் வீணாகும் நாட்கள் அதிகம். நியூட்ரியண்ட் அகார் லிட்டருக்கு 28 கிராம், உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார் 39 கிராம். டப்பா லேபிளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். பாட்டிலை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தக் கலனில்) 121 டிகிரி, 15 நிமிடம் என்பது சின்னக் குழாய்களுக்கான கணக்கு. அரை லிட்டர் பாட்டிலின் நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும், 20, 25 நிமிடம் வையுங்கள். உருளைக்கிழங்கு அகாரின் பிஎச் 5.6, அமிலப் பக்கம். மிஞ்சியதைத் திரும்பத் திரும்ப ஆட்டோகிளேவ் செய்தால் அகார் உடைந்து கஞ்சிபோல் ஆகிவிடும். பூஞ்சைத் தட்டில் பாக்டீரியா வராமலிருக்க குளோரம்ஃபெனிகால் லிட்டருக்கு 100 மில்லிகிராம், இது சூடு தாங்கும், முன்பே போடலாம். ஆம்பிசிலின் தாங்காது, 50 டிகிரிக்கு ஆறியபின்தான்.

தட்டுக்கு 20 மில்லி, அரை லிட்டருக்கு 25 தட்டு. நம் ஊர் ஈரக்காற்றில் சூடாக ஊற்றினால் மூடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அது சொட்டினால் பேசிலஸ் அகாரின் மேல் படை எடுத்தாற்போல் பரவி, 40 காலனி ஒரே காலனி ஆகிவிடும். கை தாங்கும் சூடுவரை ஆறவிட்டு ஊற்றி, உறைந்தபின் லாமினாரில் (வடிகட்டிய காற்று வீசும் மேசையில்) மூடியைச் சற்றே திறந்து 20 நிமிடம் உலர்த்தி, கவிழ்த்து அடுக்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு வெறும் தட்டை இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் அதில் ஒன்றும் முளைக்காவிட்டால்தான் மற்றதைப் பயன்படுத்துவது. லேப்பில் எறும்பும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்களும் உண்டு. காலனியிலிருந்து காலனிக்கு அடிச்சுவடு போட்டாற்போல் சின்னச் சின்னப் பூஞ்சைப் புள்ளிகள் வரிசையாக வந்தால் சிலந்திப்பேன் நடந்துபோயிருக்கிறது. அந்த அடுக்கு முழுவதையும் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிட்டு, பாராஃபில்மால் சுற்றும் பழக்கத்துக்கு வாருங்கள். வித்து தூவும் பூஞ்சையை லாமினாரில் திறக்கவும் கூடாது. அதன் காற்று உங்கள் முகத்துக்குத்தான் வரும். அதற்கு இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புப் பெட்டி இருக்கிறது.

காலனிகளைத் தூய்மையாக்கியதும் 18 முதல் 24 மணி நேர வளர்ப்பில் கிராம் சாயம் போடுங்கள். மூன்று நாள் பழைய பேசிலஸ் இளஞ்சிவப்பாகத் தெரிந்து ஏமாற்றும். சந்தேகமென்றால் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டில் காலனியைக் குழைத்துத் தூக்கிப் பாருங்கள். நூல்போல் இழுத்தால் கிராம் நெகட்டிவ். தூய்மையான அன்றே சேமிப்பு: இரவு வளர்ப்பு அரை மில்லி, 50 சதவீத கிளிசரால் அரை மில்லி, மைனஸ் 80. இரண்டு குழாய், முடிந்தால் இரண்டு வேறு ஃபிரீசரில். மழைக்காலத்து இடியில் மின்சாரம் போனால் ஃபிரீசர் யாருக்கும் சொல்லாமல் உருகிவிடும். கனோடெர்மாவை அகார் துண்டாக வெட்டி, கிருமி நீக்கிய தண்ணீர்க் குழாயில் போட்டு வைத்தாலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இனி எதிர் வளர்ப்பு, பூஞ்சையையும் பாக்டீரியாவையும் ஒரே தட்டில் எதிரெதிரே வைப்பது. 90 மி.மீ. தட்டில் ஒரு விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி 6 மி.மீ. கனோடெர்மா துண்டு, எதிர் விளிம்பிலிருந்து 20 மி.மீ. தள்ளி பாக்டீரியாக் கோடு, 28 டிகிரி. துண்டை 7 நாள் வளர்ப்பின் ஓரத்திலிருந்து எடுங்கள். நடுப்பகுதி தோல்போல் இறுகிக் கிடக்கும், தாமதமாகவே கிளம்பும், சில சமயம் கிளம்பவே கிளம்பாது. பாக்டீரியா ஒரு நாளில் தயார், பூஞ்சைக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் வைப்பதா, பூஞ்சையை இரண்டு நாள் முன்பே வைப்பதா என்று முதலில் முடிவுசெய்து 40 வகைக்கும் அதையே பின்பற்றுங்கள். பாக்டீரியா இல்லாத தட்டில் (கண்ட்ரோல்) பூஞ்சையின் ஆரம் 40 மி.மீ., பாக்டீரியா உள்ள தட்டில் அதன் பக்கமாக 14 மி.மீ. என்றால், 40இலிருந்து 14 போக 26, அதை 40ஆல் வகுத்தால் தடுப்பு 65 சதவீதம். கண்ட்ரோல் எதிர்ச்சுவரைத் தொட்டபிறகு அளக்காதீர்கள். கண்ட்ரோல் அங்கேயே நின்றுவிடும், மற்றது ஊர்ந்துகொண்டிருக்கும், சதவீதம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்.

வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் மாட்டுவது கண்ட்ரோலில்தான். வெறும் பூஞ்சைத் தட்டு ஒன்று மட்டும் வைத்தால், ‘பக்கத்தில் எந்த பாக்டீரியா இருந்தாலும் சத்தைத் தின்று பூஞ்சையை மெலிய வைக்காதா?’ என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. பாக்டீரியா இல்லாத வளர்ப்புக் குழம்பு (திரவ ஊட்டம்) மட்டும் கோடாக இழுத்த தட்டு ஒன்று, தடுப்பு குணமில்லாத ஈ.கோலை இழுத்த தட்டு ஒன்று, ஹெக்ஸகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தட்டு ஒன்று சேர்த்தால் பதில் தட்டிலேயே இருக்கும். இன்னொன்று: ஒரே குழம்பிலிருந்து ஒரே நாளில் போட்ட மூன்று தட்டு மூன்று சோதனை ஆகாது, ஒரே சோதனைதான். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த குழம்பிலிருந்து மூன்று முறை செய்யுங்கள். மரங்களை ஒப்பிடும்போது எண்ணிக்கை மரம்தான், 10. தட்டுகளைக் கூட்டி 120 என்று எழுதினால் புள்ளியியல் தெரிந்த தேர்வாளர் அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார். நேரம் போதாது என்றால் 40ஐயும் ஒருமுறை பார்த்து, மேலே வந்த 8ஐ மட்டும் மூன்று முறை செய்யலாம், அப்படிச் செய்ததை எழுதிவிட்டால் போதும். ஆனால் மரங்களை ஒப்பிடுவதற்கு 40இன் எண்ணையே எடுக்க வேண்டும், பொறுக்கிய 8இன் எண்ணை எடுக்கக் கூடாது.

அடையாளம் காண அந்த 8 போதும். பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவைப் பிசிஆரில் பெருக்கி வரிசை பார்ப்பதுதான் வழி. 27எஃப், 1492ஆர் பிரைமர். 25 மைக்ரோலிட்டர் கலவையில் மாஸ்டர் மிக்ஸ் 12.5, பிரைமர் தலா 1, டிஎன்ஏ 1, தண்ணீர் 9.5. 95 டிகிரி 5 நிமிடம். பிறகு 95இல் 30 விநாடி, 55இல் 30 விநாடி, 72இல் 90 விநாடி என்று 30 சுற்று. கடைசியில் 72இல் 7 நிமிடம். 1 சதவீத அகரோஸில் 1,500 பேஸ்பேர் அருகே பட்டை வர வேண்டும். பேசிலஸின் சுவர் தடிப்பு என்பதால் காலனியை நேரே போட்டால் பல முறை வராது. 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, சுழற்றி, மேல்நீரை எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு அள்ளவேண்டாம், தொட்டாலே போதும். அதிகமானாலும் அகார் ஒட்டினாலும் பிசிஆர் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் போட்ட குழாயில் பட்டை வந்தால் அன்றைய முடிவு எதுவும் செல்லாது. சுற்றை 35க்கு மேல் ஏற்றினால் டாக் என்சைமோடு வரும் ஈ.கோலை டிஎன்ஏவே மங்கலாகப் பட்டை காட்டும், நினைவில் வையுங்கள்.

வரிசை வந்ததும் அலைவரைபடத்தைத் திறந்து இரு முனையிலும் குழம்பிய பகுதியை வெட்டிவிட்டுத்தான், வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்டில் தேட வேண்டும். 99.8 சதவீதம் என்று பார்த்ததும் ‘பேசிலஸ் சப்டிலிஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். சப்டிலிஸ், வெலெசென்சிஸ், அமைலோலிக்விஃபேசியன்ஸ் மூன்றையும் 16எஸ் பிரித்துக் காட்டாது. ‘சப்டிலிஸ் குழு’ என்று எழுதுவதே சரி. காசு இருந்தால் ஜைரேஸ் பி மரபணுவையும் பாருங்கள். பேசிலஸ் செரியஸ் குழு வந்தால் இரத்த அகாரில் வைத்து ஹீமோலிசிஸ் (இரத்த அணுவை உடைக்கிறதா என்று) பார்த்து ஆய்வேட்டில் சொல்லுங்கள். உணவை நஞ்சாக்கும் பாக்டீரியாவைத் தோட்டத்தில் ஊற்றச் சொல்லிப் பரிந்துரைத்துவிடக் கூடாது.

குறிப்பேடு தைத்த புத்தகமாக, பேனாவில், அன்றன்றே. தட்டுப் படங்களுக்குப் பக்கத்தில் அளவுகோலும் மாதிரி எண்ணும் இருக்கட்டும். செய்முறைப் பகுதியைச் செய்கிற வாரமே எழுதிவிட்டால் கடைசி 6 வாரத்தில் மிஞ்சுவது முடிவும் விவாதமும்தான்.

எல்லாம் முடிந்து தட்டுகளை ஆட்டோகிளேவில் அழிப்பதற்குமுன் ஃபிரீசர் பெட்டியின் வரைபடத்தை, எந்தக் குழியில் எந்த மரத்து எந்தப் பாக்டீரியா என்று, மேற்பார்வையாளரிடம் அச்சிட்டுக் கொடுங்கள். தோட்டத்து ஆபீசுக்கு ஒரே பக்கம் மலாயில் எழுதிக் கொடுங்கள்: புளோக் எண், மரங்கள், என்ன கிடைத்தது, இது தட்டில் மட்டும் பார்த்தது, மரத்தில் இன்னும் சோதிக்கவில்லை என்ற வரியோடு. மண்டோருக்கும் ஒரு பிரதி.